உங்கள் பெயரைச் சொன்ன நாள்

தேவயானி அப்பாவுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை ஜெர்மன் வகுப்பில் இருந்தவர்கள் டீச்சரம்மா, துருக்கிக்கார அக்கா, உக்ரைனிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும், நான். ஆபரேஷனுக்குப் பின், "மக வீட்டுல ஒரு கோடைக்கு இருந்து ஒடம்பத் தேத்திட்டு வா" என்று நீங்கள்தான் அனுப்பினீர்கள். இங்கே நன்றாகத் தூங்குகிறேன். இந்த வயதில் புதுப் பாஷை படிப்பதில் மனசும் லேசாகியிருந்தது.

அன்று டீச்சரம்மா என் கணவர் பெயரைக் கேட்டார். நான் எப்படிச் சொல்வேன்? தலையைக் குனிந்தேன். நீங்கள் தவறிவிட்டதாக நினைத்து அவர் கண்கலங்கினார். துருக்கிக்கார அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டார். பதறிப்போய் உங்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லி, "லேப்ட், லேப்ட்" என்றேன். உயிரோடிருக்கிறார் என்று அர்த்தம்.

அன்றிலிருந்து நீங்கள் போனை எடுக்கவில்லை.

"அப்பா திராட்சைத் தோட்டத்துல இருப்பாக, அங்கன டவர் கெடைக்காது. பேரச் சொன்னா ஆயுசு கொறஞ்சிருமாக்கும்?" என்று தேவயானி சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீரபாண்டி மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன். வகுப்புக்கும் போகவில்லை.

இதைப் படமெடுத்துச் சின்னமனூர்த் தம்பிக்கு அனுப்புகிறேன். தோட்டத்துக்கு வந்து காட்டுவான். பார்த்த உடனே ஒரு வார்த்தை பேசுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி