மரப்பெட்டியும் பூட்டும்

கிள்ளான்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாதவிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை கானாவுக்குப் போகும் குவாக்கு அங்கிளிடம் முறுக்குப் பொட்டலத்தோடு இதைக் கொடுக்கிறேன். அத்தை பிரித்தாலும் அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. உன் போன் நான்கு நாளாக அணைந்திருக்கிறது.

உன் கடைசிக் குரல்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அத்தை மரப்பெட்டி வாங்கித் தந்தாங்க, பூட்டோட, செம்ம கியூட்லா, நாளைக்கு முடி வெட்டப் போறோம் என்று சிரிக்கிறாய்.

அது பரிசு இல்லை. அங்கே விடுதிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தின்பண்டத்தை அதில்தான் பூட்டி வைப்பார்கள். அப்பா அங்கே படித்தபோது அவரிடமும் ஒன்று இருந்ததாம். பெண்களுக்கு முடியை ஒட்ட வெட்டித்தான் சேர்ப்பார்கள்.

நேற்று அப்பாவிடம் கேட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஒரு மாத விடுமுறை இல்லையாம். மூன்று வருடம். திரும்பும் டிக்கெட் எடுக்கவே இல்லை. பாஸ்போர்ட் அத்தையிடம். அகோசுவா சொந்த மண்ணில் வளரட்டும் என்றார். அவருக்கு நீ எப்போதும் அந்த ஊர்ப் பெயர்தான்; மாதவி என்று எப்போது கூப்பிட்டார்?

அம்மாவுக்கும் தெரியும். லிஃப்டில் எதிர்வீட்டு ஆன்டி உன்னைப் பார்த்து, ஆப்பிரிக்காக்காரி தமிழ் பேசுதுலா என்று சிரித்ததைச் சொன்னார். அங்கே யாரும் எந்த ஊர் என்று கேட்கமாட்டார்களாம். அத்தை இருக்கும் குமாசியில் தெருப் பிள்ளைகள் உன்னை ஒப்ரோனி, வெளிநாட்டுக்காரி என்று கூப்பிடுவதைச் சொன்னேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். உன் பள்ளிச் சீருடை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

என்னை அனுப்பவில்லை. நான் எதையும் கேட்டும் கேட்காததுபோல் போகிறவள்.

அத்தையிடம் சண்டை போடாதே. அவர் கெட்டவர் இல்லை. நீ எல்லாம் தெரிந்துதான் வந்தாய் என்று நினைத்திருப்பார். தெரியாது என்று சொல். விடுதிக்குப் போகும்முன் அப்பாவோடு பேச வேண்டும் என்று கேள். அன்று நான் அப்பா பக்கத்தில் நிற்பேன். இந்தமுறை வாயைத் திறப்பேன்.

இன்னொன்று. லோகன் உனக்கு அனுப்பிய காதல் செய்திகளை அப்பா தானாகக் கண்டுபிடிக்கவில்லை. நான்தான் காட்டினேன். திட்டுவார், போனைப் பிடுங்குவார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அடுத்த வாரமே விடுமுறை என்றார். பெட்டி கட்ட உனக்கு உதவியதும் நான்தான்.

முடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வா. வந்து என்னை அறை. தடுக்கமாட்டேன்.

உன் பெயரைச் சொல்லித் தினமும் விளக்கேற்றும்,
அக்கா சிந்துஜா