உன் படத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள்

கோக்கந்து,
நவ்ரூஸ் வசந்தப் பண்டிகை கழிந்த வாரம்.

அன்பு மகள் சனோபருக்கு அப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வீடும் வாசலில் ஓடும் வாய்க்காலும் சுகம். அங்கே ஹனோவரில் நீயும், உன் வரைபலகையும், விடிய விடிய எரிகிற உன் மேசை விளக்கும் சுகமாக இருக்க இறைவனிடம் கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரை போடுகிறேன், நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, இப்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "நல்லா இருக்கீங்களாப்பா" என்பாய், நான் "நல்லா இருக்கேம்மா" என்பேன், அப்புறம் அங்கே மழையா இங்கே வெயிலா என்று கொஞ்சம் பேசுவோம், அதற்குள் திரையில் உன் முகம் அப்படியே நின்றுபோகும். ஆயுசு முழுக்க ரயில் நிலையத்து மைக்கில் எந்த வண்டி வருகிறது எந்த வண்டி போகிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான், சொந்தக் கதை என்று வந்தால் மைக்கை அடுத்தவரிடம் நீட்டிவிடுகிறேன். பக்கத்து வீட்டு ரிசாலத் அத்தையின் மருமகன் லாரி ஓட்டிக்கொண்டு உங்கள் பக்கம் வருகிறான், அவனிடம் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் ஒரு பெட்டி அல்வாவும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். பழத்தைக் கழுவிவிட்டுச் சாப்பிடு.

உன் வாத்தியார் எல்லோரையும் தாங்கள் வளர்ந்த இடத்தைப் புதிதாக மாற்றியமைத்து வரைந்து வரச் சொன்னார் என்று முற்றத்தை அளந்து அனுப்பச் சொன்னாய் அல்லவா, அதில் தொடங்கியது எல்லாம். சுவருக்குச் சுவர் எவ்வளவு, தரை எந்தப் பக்கம் சாய்கிறது, மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது, நிழல் காலையில் எதுவரை வருகிறது மதியம் எதுவரை என்று நீ கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டு டேப்பை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை, செங்கல்லை வைத்தேன், நம் ஊர்க் காற்றுதான் உனக்குத் தெரியுமே, நான் நாலடி நகர்வதற்குள் டேப் பாம்பு மாதிரி துள்ளி என் மேலேயே வந்து விழுந்தது. நான் டேப்போடு மல்லுக்கட்டுவதை ரிசாலத் அத்தை சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டாள். "என்னண்ணே, வீட்ட விக்கப் போறீங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். நம் தெருவில் எவனும் சொந்த வீட்டைச் சும்மா அளக்கமாட்டான், அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் அளப்பான், இல்லையென்றால் விற்றால் அளப்பான். எனக்கு அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை. அப்புறம் என்ன, மாலை அசர் தொழுகை முடிவதற்குள் தேநீர்க்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது, நான் மைக்கில் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வேகமாகப் போயிருக்காது.

மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தெருமுனைத் தச்சர் வந்து தூணைத் தட்டிப் பார்த்தார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்து, அந்தப் பெண் சமையலறையைப் பார்த்து முகம் சுளித்தாள். கடைசியில் உன் எர்காஷ் மாமா, பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரரையே கையோடு கூட்டிவந்தான். அந்த மனிதர் முற்றத்தில் நடுவாக நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு வர்ற காரெல்லாம் தெருவுல நிக்குது பெரியவரே, இந்தச் சுவர எடுத்துட்டா அத்தனையும் உள்ள வந்துரும்" என்றார். உன் அம்மா தக்காளி காயவைத்த இடத்தில் நின்றுகொண்டு சொன்னார். ஒரு வார்த்தை, விற்கவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொன்னால் கையில் இருக்கும் தேநீரைக் குடித்துவிட்டு எல்லோரும் எழுந்து போய்விடுவார்களே, அதனால் யோசிக்கிறேன் பார்க்கலாம் என்று பேச்சை இழுத்துக்கொண்டே இருந்தேன். உன் அம்மா மஸ்தூரா மவுத்தாகி நம்மை விட்டுப் போன பிறகு, நாம் உட்கார்ந்து சாப்பிடுகிற முற்றத்துப் பெரிய கட்டிலில் ஒன்றுக்கு மேல் தேநீர்க் கிண்ணம் வைத்தது அந்த வாரம்தான். ரொட்டி வாங்கப் போனால் நாலு வாங்கினேன், கடைக்காரனே ஏறிட்டுப் பார்த்தான்.

வந்தவர்கள் எல்லோரும் உன்னைக் கேட்டார்கள், மகள் என்ன படிக்கிறாள் என்று. லாண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்று நீ சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன், மைக்கில் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னேன், ஆனாலும் ஒருவருக்கும் விளங்கவில்லை. எர்காஷ் மாமா சும்மா இருப்பானா, "செடி நடுறதுக்கு ஜெர்மனிக்கா போகணும் அத்தான்? நம்ம பூங்காவுல தண்ணி ஊத்துறாரே, அவரு எந்த யுனிவர்சிட்டியில படிச்சாரு?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. கொத்தனார் சுவர் கட்டுவார், சுவருக்கு வெளியே இருப்பதெல்லாம் என் மகளுடைய வேலை என்றேன். மழை எந்தப் பக்கம் போகவேண்டும், நிழல் எங்கே விழவேண்டும், இன்று நடுகிற கன்று பெரிய மரமானால் யார் வீட்டு வெளிச்சத்தை மறைக்கும், வயசானவன் நடந்து வந்தால் எங்கே உட்கார இடம் வேண்டும், இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வரைகிற படிப்பு என்றேன். "அப்ப முதல்ல உங்கள எங்க உட்காரவைக்கிறதுன்னு யோசிக்கச் சொல்லுங்க" என்று அவன் சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகும் அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை.

அதற்கப்புறம்தான், நான் அளந்து அனுப்பியதை வைத்து நீ வரைந்த முற்றத்தின் படம் வந்தது. போனில் பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடவில்லை, சந்தைப் பக்கம் போஸ்டர் அடிக்கும் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்செடுத்து, முன்னறைச் சுவரில் நாலு ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். அழகாக இருக்கிறது கண்ணு, என் பெண் வரைந்ததா என்று நெஞ்சு நிறைந்துபோனது. நிழல் அப்படியே நம் வீட்டு நிழல், சாயங்காலம் திராட்சைப் பந்தல் நிழல் கட்டிலின் காலைத் தொடுவதை இவ்வளவு தூரத்திலிருந்து எப்படித்தான் நினைவு வைத்திருந்தாயோ. ஆனால் சுவரோரம் முழுக்க நாணல் நட்டிருக்கிறாயே, வாய்க்காலில் அதைப் பிடுங்கிப் பிடுங்கியே என் முதுகு வளைந்தது, அங்கே அதுதான் நாகரிகமா? மரத்துக்கு மரம் காகித விளக்கு தொங்கவிட்டிருக்கிறாய், நம் காற்று ஒரே நாளில் அதை ஆண்டிஜான் ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தந்தூர் அடுப்பைக் காணோம். இதெல்லாம் போகட்டும், அந்த ஆட்கள் யார்? கட்டிலில் ஒரு தாடிக்காரன், அவன் காலடியில் நாய், நாம் சாப்பிட உட்கார்கிற இடத்தில் நாய்! பந்தலுக்குக் கீழே சிவப்பு பலூனோடு ஒரு சின்னப் பெண், கதவோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. ரிசாலத் அத்தை படத்தைப் பார்த்துவிட்டு, "யாருண்ணே அது, உங்க வீட்ல முழங்கால் தெரிய நிக்கிறா?" என்று கேட்டாள். மகளுடைய சிநேகிதர்கள், லீவுக்கு வரப்போகிறார்கள் என்று சொல்லிவைத்தேன். "வந்தா கூப்பிடுங்க, ஒரு சட்டி புலாவ் ஆக்கித் தரேன், பாவம் ஒல்லியா இருக்கா" என்றாள்.

போனில் நீதான் விளக்கினாய், "அது அளவுக்காக வைக்கிறதுப்பா, ஆள் நின்னாத்தானே மரம் எவ்ளோ உயரம்னு தெரியும், கம்ப்யூட்டர்ல ரெடியா கிடைக்கும், எல்லாரும் அதே ஆளுங்களத்தான் ஒட்டுவாங்க" என்று. சரி என்றேன். ஆனால் மகளே, பகலெல்லாம் நான் அந்தப் படத்துக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். தாடிக்காரனுக்கு ஹான்ஸ் என்று பேர்கூட வைத்துவிட்டேன், காலையில் தேநீர் ஊற்றும்போது உனக்கு வேண்டுமா ஹான்ஸ் என்று கேட்கிறேன், சிரிக்காதே. அவன் உட்கார்ந்திருப்பது என் இடம். வீட்டில் இருக்கிற ஒரே ஆளை விட்டுவிட்டு, இல்லாத இத்தனை பேரை வைத்திருக்கிறாய். கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. தனியாக இருக்கிறது கண்ணு, ரொம்பத் தனியாக இருக்கிறது, இதை எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன்.

இதற்கிடையில் கொடி. குளிர் வருவதற்கு முன்னால், பனியில் கருகாமல் இருக்கத் திராட்சைக் கொடியைப் பந்தலிலிருந்து இறக்கி, சுருட்டி, மண்ணைப் போட்டு மூடினோம், நானும் எர்காஷ் மாமாவும். எப்போதும் கடைசிக் கிளையை வளைத்துப் படுக்கவைப்பவள் உன் அம்மா, "தூங்குடி, வசந்தத்துல எழுப்புறேன்" என்று சொல்லித்தான் மூடுவாள். இப்போது நவ்ரூஸ் முடிந்துவிட்டது, தெருவில் எல்லோர் வீட்டிலும் கொடியைத் திறந்துவிட்டார்கள், நம் வீட்டில் மட்டும் மேடு மேடாகவே கிடந்தது. எர்காஷ் மாமா விவரமானவன், "கொடியத் திறக்கிறதுக்கு முன்னாடி மண்டபத்துக்காரருக்குப் பதில் சொல்லிடுங்க அத்தான், திறந்துட்டா அந்த வருஷத்துப் பழம் திறந்தவனுக்குத்தான், நம்ம தெரு வழக்கம் அது, அப்புறம் பழம் பறிக்கிற வரைக்கும் யாரும் வாங்கமாட்டாங்க" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் வீட்டு மாடியில் எனக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறான், அவன் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், சத்தம் இருக்கும், சூடான சோறு இருக்கும். நானும் போய்விடலாம் என்றுதான் பாதி நினைத்தேன். மண்ணுக்குள் ரொம்ப நாள் விட்டால் மொட்டெல்லாம் அழுகிவிடும், அதனால் எந்தப் பக்கமானாலும் சீக்கிரம் முடிவு எடுத்தாகவேண்டும்.

போன ஞாயிறு போனில், உன் வாத்தியார் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சொல்லியிருக்கிறார், படிப்பு முடிந்ததும் அங்கேயே சேரலாம் என்றாய். உன் குரலில் இருந்த சந்தோஷத்தை நீ மறைக்கப் பார்த்தாய், எத்தனை பேரை வண்டி ஏற்றி அனுப்பியவன் நான், போகிறவர்களின் குரல் எனக்குத் தெரியாதா. "நீங்க வேண்டாம்னா வந்துடுறேம்பா" என்றாய். நான் வானிலையைப் பற்றிப் பேசினேன். அன்று முழுக்க, நீ வரப்போவதில்லை என்றால் இந்த முற்றம் யாருக்கு என்று நினைத்துக்கொண்டே படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருக்கும்போதுதான் கவனித்தேன். எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறாய், தரையை, சுவரை, கதவின் நிறத்தைக்கூட. பந்தலை மட்டும் ஒரு சாண் நகர்த்தவில்லை. அதில் இலை விட்டிருக்கிறது, குலை தொங்குகிறது. அதற்குக் கீழே நின்று யாரோ ஒரு சின்னப் பெண் பலூன் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்தேன். சத்தம் கேட்டு ரிசாலத் அத்தை ஓடிவந்தாள், அவள் வீட்டுக்காரர் வந்தார், தச்சர் வந்தார், யாரோ போன் செய்து எர்காஷ் மாமாவும் வந்துவிட்டான். "மண்டபத்துக்காரருகிட்ட நான் என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசுவேன் அத்தான், பிடிவாதம் பிடிச்ச மனுஷன், எங்க அக்கா உங்களோட எப்படித்தான் காலந்தள்ளினாளோ" என்று கத்தினான், கத்திக்கொண்டே கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு என் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். கொடியைத் தோளில் தாங்கி எல்லோருமாகப் பந்தலில் ஏற்றினோம். ஓரத்தில் இரண்டு கிளை கறுத்துவிட்டது, மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறது. மதியம் புலாவ் ஆக்கி எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அப்புறம் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீடு விற்பனைக்கு இல்லை என்று தெரிந்துவிட்டதால் இப்போது யாரும் கதவைத் தட்டுவதில்லை, திரும்பவும் நானும் ஹான்ஸும்தான்.

அந்த வேலையில் சேர்ந்துகொள். இதைக் கண்ணைத் துடைத்துவிட்டுத் தெளிவாகத்தான் எழுதுகிறேன். வந்துவிடு என்று எழுத எனக்கு ஆசை, எழுதமாட்டேன். வீட்டை விற்காதது உன்னைக் கட்டிப்போட அல்ல, நீ என்றைக்காவது வந்தால் கதவைத் திறக்க ஓர் ஆள் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் கேட்கிறேன், செய். உன் வாத்தியாரிடம் படத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஹான்ஸை எழுப்பிவிட்டு, நாயையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் என்னை உட்காரவை. அளவுக்கு ஓர் ஆள்தானே வேண்டும், நான் இருக்கிறேன். பலூன் பிடித்த பெண் இருக்கட்டும், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். என் பக்கத்தில் கட்டிலில் ஓர் இடம் விடு, கொடியைத் தூங்கவைத்தவள் அங்கே உட்காரட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, நாணலைக் குறை. உன் கையால் நட்டதெல்லாம் தழைக்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நிழல் கிடைக்கட்டும் என்று ஐந்து வேளையும் துஆ செய்கிற,

உன் அப்பா,
ஹிக்மத்துல்லா

பி.கு.: படத்துக்கு என் உயரம் வேண்டுமே என்று கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று, பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். ஒரு மீட்டர் அறுபத்தெட்டு. முன்பு எழுபத்தொன்று இருந்தேன், ஆனாலும் இருக்கிறபடியே போடு. அளக்கும்போது ரிசாலத் அத்தை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னண்ணே, இப்ப உங்களையே விக்கப் போறீங்களா?" என்றாள். இல்லை, மகளுக்கு அனுப்புகிறேன் என்றேன்.