வலது பக்கத்துக்கும் கொஞ்சம் மருந்து

கசன்லக், ஏப்ரல் 25

அன்பு மகள் நெவேனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் டொராண்டோ குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். எனக்குத்தான் நான்கு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

சைனஸ் ஆபரேஷன் முடிந்ததும் மூக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் மருந்து தடவிய சின்ன வலை வைத்தார்கள் அல்லவா, ஒரு மாதத்தில் தானே கரைந்துவிடும், மற்றப் பக்கத்தைச் சும்மா விட்டு எது நன்றாக ஆறுகிறது என்று பார்க்கும் சோதனை. எந்தப் பக்கம் என்று எனக்கும் சொல்லவில்லை, பரிசோதிக்கிற டாக்டர் கரஜோவாவுக்கும் தெரியாது. உப்புத் தண்ணீரில் கழுவுவதைத் தவிர வேறெதுவும் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். இடது பக்கம் முதலில் திறந்துகொண்டது, அதில்தான் வலை என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் சோறு போட்ட மாதிரி எனக்குப் பொறுக்கவில்லை. மே மாத ரோஜா பறிப்புக்குள் வாசனை திரும்பாவிட்டால் ஆலையில் ரோஜா எண்ணெயை முகர்ந்து தரம் சொல்லும் என் நாற்காலி போய்விடுமே என்ற பயம் வேறு. அப்பாவின் அலர்ஜி ஸ்பிரேயை வலது பக்கத்தில் மூன்று வாரம் அடித்தேன். "ஒரு மூக்குக்கு ரெண்டு வைத்தியமாடி?" என்று அவர் கேலி செய்தார், நான் கேட்டால்தானே.

செவ்வாய்க்கிழமை பிளோவ்திவ் ஆஸ்பத்திரியில் டாக்டர் மூக்கில் கேமரா விட்டுப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆறியிருக்கிறது என்று எழுதிக்கொண்டார். அப்படியானால் வலையால் பயனில்லை என்றுதானே கணக்கு வரும். பஸ் நிலையம் வரை போய்விட்டேன், ஏறக் கால் எழவில்லை, திரும்பிப் போய் டாக்டரிடம் ஸ்பிரே அடித்ததைச் சொல்லிவிட்டேன். பேனாவைக் கீழே வைத்தார். "உங்க மூக்கை இனி சோதனைல சேர்க்க முடியாதும்மா. எது எதனால ஆறுச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை, வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் ஆலை மேலாளர் ஸ்தாமென் வழக்கம்போல வாசனை வந்துவிட்டதா என்று கேட்டார். இவ்வளவு நாளும் வந்துகொண்டிருக்கிறது என்றே சொல்லிவந்தேன். உண்மையில் மூச்சு இரண்டு பக்கமும் தாராளமாகப் போகிறது, வாசனைதான் இல்லை, ஈஸ்டர் ரொட்டி அடுப்பில் கருகியபோது பக்கத்திலேயே நின்றும் எனக்குத் தெரியவில்லை. இன்னொரு பொய்க்குத் தெம்பில்லை. இந்த வருஷம் என் நாற்காலியில் என்னிடம் வேலை பழகிய கின்காவை உட்கார வையுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை.

நீ நன்றாக இரு, உன் காரியமெல்லாம் நல்லபடி நடக்கட்டும், கடவுள் துணை இருக்கட்டும். சளி பிடித்தால் நீயாக எதையும் மூக்கில் அடிக்காதே. ஜூனில் வருகிறேன் என்றாயே, முடிந்தால் மே மாதமே வா. இருபத்தாறு வருஷத்தில் ஒரு மே மாதம்கூட நான் வீட்டில் இருந்ததில்லை, எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா,
ஸ்த்ராவ்கா