கேமராவை விற்கவில்லை

கோல் மார்க்கெட், டில்லி
16-1-1979

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மூவி கேமராவை விற்றுவிடச் சொல்லி ஊரிலிருந்து கடிதம் வந்தது. விற்கவில்லை. போன வாரம் அதைத் திறந்து நானே சரிசெய்துவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

சாவி கொடுத்தால் கொஞ்சம் ஓடிவிட்டுப் பாதியில் சோர்ந்து நின்றது. இந்தக் குளிரில் உள்ளே பழைய கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. கழற்றிய திருகாணிகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்துக்கொண்டேன். பல்சக்கரங்களை வெள்ளை பெட்ரோலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். கடிகாரம் பழுதுபார்க்கும் சர்தார்ஜியிடம் எண்ணெய் கேட்டபோது, "ஏக் பூந்த் பஸ், பெஹன்ஜி" என்றார். ஒரு சொட்டுப் போதுமாம்; அதற்குமேல் நானும் விடவில்லை.

மூடிவிட்டுச் சாவி கொடுத்தேன். கடைசிவரை சீராக ஓடியது! மிச்சமிருந்த ஃபிலிமில் நம் தங்கம் பள்ளிக்கூடம் கிளம்புவதை எடுத்து, லேபில் கழுவிப் பார்த்தேன். படம் துளிகூட ஆடவில்லை.

நீங்கள் படமெடுக்க ஒப்புக்கொண்டிருந்த கல்யாணம் இந்த ஞாயிற்றுக்கிழமை. "பொம்மனாட்டி எடுத்தா சரியா வருமா?" என்று பெண்ணின் அப்பா கஸ்தூரிரங்கன் சார் தயங்கினார். அந்தப் படத்தை அவரையே பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "காலம்பற அஞ்சு மணிக்கே வந்துடும்மா" என்றார். போகப்போகிறேன்.

கடிதங்களை எல்லாம் உங்கள் தம்பி ரத்தினவேல்தான் எழுதுகிறார். நீங்கள் நலம் என்று தவறாமல் இருக்கும். வாதத்தில் விழுந்த உங்கள் வலது கை இன்னும் எழவில்லை என்பதை மட்டும் அவர் எழுதுவதில்லை.

அடுத்த கடிதத்தை இடது கையால் நீங்களே எழுதுங்கள். எழுத்து எவ்வளவு கோணினாலும் நான் படித்துக்கொள்வேன்.

உங்கள் வீட்டுக்காரி