சபையில் உங்கள் இடக்கை

அம்மா,

இன்று காலை மருமகள் மிளகாய்க் கன்றுகளுக்கு அடிப்பதற்காக வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். குசினி யன்னலால் அந்த மணம் வந்ததும் என் இடக்கை தன்பாட்டில் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ஐம்பத்துநான்கு வயதில்! ஒரு காலத்தில் அந்த மணம் வந்தால் யன்னலைச் சாத்திவிடுவேன். இன்று சிரிப்புத்தான் வந்தது. கையை முன்னால் கொண்டுவந்து, விட்ட சமையலைத் தொடர்ந்தேன்.

எனக்கு மூன்று வயது இருக்கும். சாப்பாட்டுக்கு முன் என் இடக்கை விரல்கள் ஐந்திலும் வேப்பெண்ணெய் பூசிவிடுவீர்கள். அந்தக் கையை வாயருகே கொண்டுபோனால் கசக்கும். நீங்கள் ஒரு நாளும் அடித்ததில்லை. எதிரில் இருந்து, இடக்கை நீளும் போதெல்லாம் மெதுவாக விலக்கிவிட்டு, “ஆக்கள் பார்ப்பினம், பிள்ளை” என்பீர்கள். அவ்வளவுதான். பென்சிலையும் அப்படித்தான் கை மாற்றினீர்கள். ஒரு வருடத்தில் நான் வலக்கைக்காரி ஆகிவிட்டேன். பிள்ளையை நன்றாகத் திருத்தி எடுத்துவிட்டாய் என்று உறவுக்காரர் எல்லாரும் உங்களை மெச்சினார்கள்.

திருந்திய பிள்ளையின் எழுத்து கோணல். கண்ணாடிக் குவளைகள் கையிலிருந்து நழுவி உடையும். பூத் தொடுத்தால் சரம் அவிழும். நான் பிறவியிலேயே தடுமாற்றக்காரி என்று நம்பி வளர்ந்தேன். கணிதம் படிப்பித்த முப்பது வருடங்களில் கரும்பலகை எழுத்துக்காக எத்தனையோ முறை பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

நீங்களோ நேர்த்திக்குப் பேர்போனவர். இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் கலியாணம் என்றாலும் பந்தியைப் பார்த்துக்கொள்ள உங்களைத்தான் கூப்பிடுவார்கள். இலையின் நுனி எந்தப் பக்கம், எந்தக் கறி எந்த மூலையில், யாருக்கு முதலில் பரிமாறுவது, எல்லாவற்றுக்கும் உங்கள் சொல்லே முடிவு. அப்படிப்பட்ட உங்களுக்குத்தான், தைப்பொங்கல் கழிந்த கிழமை விறாந்தைக் கதிரையில் இருந்தபடியே, பாரிசவாதம் வந்தது.

பேச்சு இரண்டு மாதத்தில் திரும்பியது, சிறு குழறலோடு. வலக்கை திரும்பவில்லை.

நான் ஏழு மணிக்கு யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினால் இரண்டரைக்குத்தான் வீடு வருவேன். பகலில் உங்களோடு இருக்க வந்த பெண் ஊட்ட வந்தால் வாயை இறுக்கிக்கொள்வீர்கள். பிறத்தியார் கையால் உண்ண மனம் இடம் கொடுக்கவில்லை. உங்கள் இடக்கையோ நல்ல பலத்தோடு மடியில் சும்மா கிடந்தது. நான் வரும்வரை பசியோடு இருப்பீர்கள். சட்டைகள் எல்லாம் தொளதொளத்துப் போயின. வேலையை விட்டுவிடுவதா என்று யோசிக்கத் தொடங்கினேன்.

கிழமைக்கு ஒரு தடவை பயிற்சி கொடுக்க வந்த இயன்மருத்துவர் ஓர் இளம்பெண். அவள் உங்கள் இடக்கையில் கரண்டியை வைத்தாள். நீங்கள் அதைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

“நான் என்ன மிருகமே, இடக்கையாலை தின்ன?”

அவள் வாதாடவில்லை. ஒரு கிண்ணத்தில் இருந்த பிடிப் பயறைக் காட்டி, பயிற்சிக்காக ஒவ்வொன்றாகப் பொறுக்கி மற்றக் கிண்ணத்தில் போடச் சொன்னாள். அவள் கைப்பையை அடுக்கி முடிப்பதற்குள் பயறு முழுவதும் இடம் மாறியிருந்தது. அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள்.

“அம்மா முந்தி இடக்கைப் பழக்கமோ?”

நீங்கள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமும் உங்கள் இடக்கை மடியிலேயே கிடந்தது; எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. இரண்டு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வந்தேன். ஒன்றை உங்கள் முன் வைத்தேன். மற்றதை என் மடியில் வைத்து, ஐம்பது வருடத்துக்குப் பிறகு இடக்கையால் சோற்றை அள்ளினேன். பாதி வழியிலேயே எல்லாம் சீலையில் கொட்டியது. மறுபடியும் அள்ளினேன். மறுபடியும் கொட்டியது. கோணிப் போன உங்கள் வாய் சிரிப்பில் இன்னும் கோணியது.

“அப்பிடியில்லை. விரலைக் குவி. பெருவிரலாலை தள்ளு,” என்றீர்கள்.

சொல்லிக்கொண்டே உங்கள் இடக்கை கோப்பைக்குள் இறங்கியது. சோற்றையும் பருப்பையும் பிசைந்து, உருட்டி, வாய்க்குக் கொண்டுபோனது. ஒரு பருக்கை சிந்தவில்லை. பிறகு நாங்கள் இருவருமே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாப்பிட்டு முடிந்த பிறகுதான் சொன்னீர்கள். உங்களுக்கு நாலு வயதில், சாப்பாட்டு நேரங்களில் இடக்கையைச் சீலைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்களாம். கோப்பை காலியானால்தான் அவிழ்ப்பார்களாம். இடக்கைக்காரியை யார் கலியாணம் கட்டுவான் என்று பெரியவர்கள் உங்களுக்குக் கேட்கத்தக்கதாகக் கதைப்பார்களாம். உங்களைக் கட்டிய ஐயாவுக்குக்கூட நீங்கள் இதைச் சொன்னதில்லை.

“நீ கைக்குழந்தையாய்க் கிலுக்கட்டியை இடக்கையாலை பிடிச்ச அண்டைக்கு நான் பயந்து போனன். எனக்குச் செய்ததைத்தான் உனக்கும் செய்தனான். வேறை வழி எனக்குத் தெரியாது, பிள்ளை.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் குணம் என்று நான் சுமந்து திரிந்ததில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு எங்கள் சாப்பாட்டு மேசையில் செய்யப்பட்டது என்று அன்று முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். உங்கள் நேர்த்தியும் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. எழுபது வருடம் ஒரு கையை ஒளித்து வைத்திருந்தவரின் கவனம் அது.

அதன் பிறகு வீட்டில் இடக்கையால் சாப்பிட்டீர்கள். சட்டைகள் மறுபடி நிரம்பின. ஆனால் வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்டால் போதும், கை சீலைக்குள் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் என் மகனின் கலியாணம் ஒழுங்கானது. பெண் வீடு அச்சுவேலி, கலியாணமும் அங்கேதான். சம்பந்திமாருக்கு முன்னால் உங்களால் வர முடியாது என்று நீங்கள் முதலே சொல்லிவிட்டீர்கள். மகன் எவ்வளவோ கெஞ்சியும் அசையவில்லை. நான் வற்புறுத்தவில்லை. கலியாணத்தன்று விடிய நீங்களாகவே பச்சைப் பட்டுச் சீலையை எடுத்துத் தரச் சொன்னீர்கள். நான் எதுவும் கேட்காமல் உடுத்திவிட்டேன். மண்டபத்தில் ஒரு பக்க அறையை ஒழுங்கு செய்து, உங்களுக்கு அங்கே சாப்பாடு கொடுப்பது என்று வைத்திருந்தேன்.

தாலி கட்டி முடிந்து பெரியவர்களின் முதல் பந்தி தொடங்கியது. சக்கர நாற்காலியை நீண்ட மேசைகளைத் தாண்டி அறைப்பக்கம் தள்ளினேன். நீங்கள் இடக்கையால் சில்லை இறுக்கிப் பிடித்தீர்கள்.

“எங்கை கொண்டு போறாய்? என்னைப் பந்தியிலை விடு.”

விட்டேன். இலை போட்டவனிடம், நுனி மாறிக் கிடக்கிறது, திருப்பிப் போடு என்றீர்கள். அந்த நேரத்திலும்! சோறு வந்தது, பருப்பு வந்தது, நெய் விட்டார்கள். எங்கள் பக்கத்து உறவுக்கார அம்மா ஒருவர் எதிரில் இருந்து என்னைக் கண்காட்டி, நீ ஊட்டிவிடன், ஆக்கள் பார்க்கினம் என்று கிசுகிசுத்தார். உங்களுக்கு அது கேட்டுவிட்டது.

“பாக்கட்டும். நல்லாப் பாத்திட்டுச் சாப்பிடட்டும்,” என்றீர்கள், குழறாமல்.

உங்கள் இடக்கை சபைக்கு நடுவில், எல்லாருக்கும் தெரிய, இலைக்கு இறங்கியது. பக்கத்து மேசைகளில் கதை நின்றது. நீங்கள் நிமிர்ந்தபடி, அவசரமில்லாமல், ஒரு கவளம், அடுத்த கவளம் என்று சாப்பிட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் தங்கள் இலைக்குத் திரும்பினார்கள்.

சுவரோரக் கதிரையில் பெண்ணின் தாத்தா இருந்தார். கை நடுக்கத்தால் அவர் சில வருடமாக வெளியில் எங்கும் சாப்பிடுவதில்லை, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார் என்று சம்பந்தியம்மா முதலே சொல்லியிருந்தார். அவர் எழும்பி வந்து உங்கள் பக்கத்து இடத்தில் அமர்ந்தார். பரிமாறியவனைக் கூப்பிட்டு, தனக்கு ஒரு கரண்டி வேண்டும் என்றார். நீங்கள் உங்கள் தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்து அவருக்கு இடம் விட்டீர்கள்.

“வடிவாச் சாப்பிடுங்கோ. கத்தரிக்காய் நல்லாயிருக்கு.”

கரண்டி இலையில் தடதடத்தது. அவர் இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். சம்பந்தியம்மா தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் நான் வெண்கட்டியை இடக்கையில் எடுத்தேன். முதல் வரி மேலே ஏறியது, இரண்டாவது கீழே இறங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பின்னேரம் வந்து சொன்னபோது நீங்கள் கேட்டது ஒன்றுதான்: எழுத்து வாசிக்கக் கூடியதாய் இருந்ததோ? இல்லை என்றேன். நாளைக்கும் எழுது என்றீர்கள்.

போன ஆவணியில் நீங்கள் போகும்வரை அந்தக் கேள்வியை அடிக்கடி கேட்டீர்கள். ஓம் அம்மா, இப்போது வாசிக்கலாம்.

கோயிலில் திருநீறு வாங்க இன்னமும் என் வலக்கைதான் முதலில் நீளும். அதை மாற்ற நான் முயலவில்லை. அது நீங்கள் பயத்தோடு வளர்த்த கை. எழுதும் கை மற்றது. அது அச்சுவேலியில், அத்தனை பேருக்கு நடுவில் இருந்து, நீங்கள் மீட்டுத் தந்த கை. இரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.