நாளைக்கு அவள் நெஞ்சைத் திறக்கிறார்கள்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

டாக்டர் கொடுத்த ஸ்கேன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எல்லாம் புரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். மகள்தான் வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு எஞ்சின் பார்க்கிறவனுக்கு இது தேவைதான்.

"நீங்க மெக்கானிக்தானே, ஈஸியா புரியும். இதயம் ஒரு பம்ப். உங்க வீட்டம்மாவுக்கு வால்வு போயிருக்கு. காலையில திறந்து புதுசு போட்டுடுவோம்" என்றார். சின்ன வயது டாக்டர், நல்ல பிள்ளை.

"முதல்ல யாரு சார் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணது?" என்று கேட்டுவிட்டேன். மகள் என் தொடையைக் கிள்ளினாள்.

"அவங்க அம்மா வயித்துல இருக்கும்போதே தானா ஓட ஆரம்பிச்சிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வார்டில் படுத்திருந்த என் மனைவி செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாய்யா சொன்னாரு?" என்றாள்.

"வால்வுதான்டி. நானே மாத்தியிருப்பேன், ஸ்பேனர் எடுத்துனு வரல."

சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. முதுகை நீவிவிட்டேன்.

எவ்வளவு ஓட்டை எஞ்சினாக இருந்தாலும், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் நான் திறந்ததில்லை. டாக்டர் அறையிலேயே வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை: அவளைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுக்குங்க சார்.