மீன் ஐஸ் போட்ட பழரசம்

ஆவணி 9, ஞாயிறு

காரைக்காலிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த ஒயினில் ஆரஞ்சும் திராட்சையும் அன்னாசியும் நறுக்கிப் போட்டேன். ஐஸ், அதிராம்பட்டினத்தில் மீனுக்கு வைப்பது. எத்தனை கழுவியும் வாடை போகவில்லை. விருந்தாளிகளில் ஒருவர் மூக்கிலும் அது ஏறவில்லை.

மேடைதோறும் மதுவிலக்கு பேசும் கட்சிக்காரர் மூன்று தம்ளர் குடித்தார். "பழரசந்தானே அண்ணி, தப்பில்லீங்க" என்றார். தாசில்தார் பழத்துண்டுகளை விரலால் எடுத்துச் சப்பினார்.

அடுத்த தம்ளரில் தாசில்தார் தலையாட்ட, காரியம் முடிந்தது. எங்கள் நிலத்தை இருபது வருஷமாக உழும் வீரையனின் பெயர் குத்தகைப் பதிவேட்டில் ஏறாது. இனி அவனை எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றலாம்.

"எல்லாம் உன் கைப்பக்குவம்" என்று என் கணவர் சிரித்தார்.

என் கணவரையும் சேர்த்து அந்த மூவரையும் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வீரையன் பெயரைச் சொல்லி அவர்கள் சிரித்தபோது, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டவள் நான்தான்.